எந்த ஸ்கேல் கட்டுப்படியாகும்?

பேங்க்காரனிடம் போய் ஸ்கேல் என்று சொன்னால் அவனுக்கு ஞாபகம் வருவது பதவிதான். ஸ்கேல் ஒன்றில் சேர்ந்து, இரண்டுக்குப் பரீட்சை எழுதி, மூன்றுக்கு இன்டர்வ்யூ போய், நாலு கிடைத்தால் எந்தக் காட்டுக்குத் தூக்கி அடிப்பார்களோ என்று பயந்து... சரி, அது தனிப் புராணம். இன்றைக்குப் பேசப்போவது வேறு ஸ்கேல். பொம்மை ரயில் ஸ்கேல். ஸாரி, மாடல் ரயில்! பொம்மை என்று சொன்னால் இந்தப் பைத்தியம் பிடித்தவர்களுக்குக் கோபம் வரும். கஸ்டம்ஸ் இலாகாவைப் பொறுத்தவரை அது பொம்மைதான், அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

இதில் வரும் எழுத்துகளும் நமக்கு ரொம்பப் பரிச்சயமானவை. எச்.ஓ. என்றால் ஹெட் ஆபீஸ் இல்லை, 'ஹாஃப் ஓ'. அதாவது 'ஓ' ஸ்கேலில் பாதி. டி.டி. என்றால் டெலிகிராஃபிக் டிரான்ஸ்ஃபரும் இல்லை, டிக்கெட் கேட்க வரும் கறுப்புக் கோட்டும் இல்லை, 'டேபிள் டாப்'. 'என்' ஸ்கேல் என்றால் என்னுடைய ஸ்கேல் என்று அர்த்தமில்லை. தண்டவாள இடைவெளி 9 மில்லிமீட்டர், நைன், அதனால் 'என்'.

புனேயில் கோத்ரூட் பக்கம் ஜோஷி மினியேச்சர் ரயில்வே மியூசியம் இருக்கிறது. 1998-ல் திறந்தது. ஊரிலிருந்து யார் குடும்பத்தோடு வந்தாலும் சனிவார் வாடா, சிங்ககட் எல்லாம் முடிந்தபின் பிள்ளைகளுக்காக அங்கே ஒரு நடை போவது வழக்கம். பார்த்துவிட்டு வெளியே வந்ததும் பிள்ளைகள் "அப்பா, நமக்கும் ஒண்ணு" என்பார்கள். அப்பாக்கள் என்னைத் தனியாக ஓரம்கட்டி, "சார், இதுல எந்த ஸ்கேல் சீப்பா முடியும்?" என்பார்கள். தமிழ்ச் சங்கத்தில், அபார்ட்மெண்ட் லிஃப்டில், கிளையில் லோன் கேட்க வந்த இடத்தில்கூட இந்தக் கேள்வி வந்திருக்கிறது. வாயால் சொல்லி மாளவில்லை. அதனால்தான் இது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எஞ்சின் விலையை ஒப்பிட்டு ஸ்கேல் முடிவு செய்வது, ஷோரூம் விலையை மட்டும் பார்த்துவிட்டு, பெட்ரோல், பார்க்கிங் எதையும் யோசிக்காமல் கார் புக் பண்ணுகிற மாதிரி. நம்மைப் போல வாடகை வீட்டிலும் டூ பி.எச்.கே.யிலும், மூன்று வருஷத்துக்கு ஒரு டிரான்ஸ்ஃபர் என்று வாழ்கிறவர்களுக்கு இந்தப் பொழுதுபோக்கில் அதிக விலையுள்ள சாமான் எஞ்சின் இல்லை. தரை.

முதலில் யார் யார் என்ன அளவு என்று சட்டென்று பார்த்துவிடலாம். பெரிய அண்ணன் 'ஜி', சுமார் 1:22.5, ஜெர்மனியில் 1968-ல் எல்.ஜி.பி. கொண்டுவந்தது, 45 மி.மீ. தண்டவாளம், தோட்டத்தில் ஓட்டுவது. அடுத்து 'ஓ', ஐரோப்பாவில் 1:43.5 அல்லது 1:45, அமெரிக்காவில் 1:48. அதற்குக் கீழே எச்.ஓ., 1:87, தண்டவாளம் 16.5 மி.மீ. பிரிட்டிஷ்காரர்கள் மட்டும் அதே தண்டவாளத்தின்மேல் கொஞ்சம் பெரிய வண்டியை, 1:76-ல், வைத்து அதை 'டபுள் ஓ' என்கிறார்கள். அவர்கள் ஊர் நிஜ எஞ்சினே ஒல்லி, அந்தக் கால மோட்டார் 1:87 கூட்டுக்குள் அடங்கவில்லை என்பது காரணம். டி.டி. 1:120. 'என்' பொதுவாக 1:160. கடைக்குட்டி 'இசட்' 1:220, மேர்க்லின் கம்பெனி 1972-ல் இறக்கியது. தண்டவாளம் 6.5 மி.மீ. தான்.

இப்போது எல்லோரும் போடும் கணக்கு என்ன? சின்னது என்றால் சீப். இட்லியில் மினி இட்லி மாதிரி. கணக்குப்படி பார்த்தாலும் அப்படித்தான் தோன்றும். 160-ஐ 87-ஆல் வகுத்தால் 1.84. நீளம், அகலம், உயரம் மூன்றுக்கும் பெருக்கினால் ஆறுக்குச் சற்று மேல். அதாவது ஒரே எஞ்சினை எச்.ஓ.வில் செய்தால் 'என்' ஸ்கேலைவிட ஆறு மடங்கு கன அளவு. அப்படியானால் 'என்' எஞ்சின் விலை ஆறில் ஒரு பங்காக இருக்க வேண்டாமா? கடைக்குப் போய்ப் பாருங்கள். ஒரே தரத்தில் இருக்கும் இரண்டும் ஏறக்குறைய ஒரே விலைதான் சொல்லும்.

இதற்கு விடை பி.காம். இரண்டாம் வருஷ காஸ்ட் அக்கவுண்டிங் புத்தகத்தில் இருக்கிறது. (படித்தது வீண் போகவில்லை பாருங்கள்!) எஞ்சின் விலையில் பிளாஸ்டிக்கின் பங்கு சொற்பம். அச்சு வெட்டும் செலவு, மோட்டார், சர்க்யூட் போர்டு, ஜன்னல் ஜன்னலாகப் பெயின்ட் அடித்து எழுத்து பதிக்கிற கூலி, கையால் கோர்க்கிற கூலி, இதுதான் விலை. அச்சு சின்னது என்பதால் அதை வெட்டுகிறவர் கூலியைக் குறைத்துக்கொள்ள மாட்டார். சின்ன அச்சில் அதே நுணுக்கம் வேண்டுமென்றால் இன்னும் கஷ்டம். அந்த நிலைச் செலவை எத்தனை எஞ்சின் தலையில் பங்கிடுகிறோம் என்பதுதான் விலையைத் தீர்மானிக்கிறது. உலகத்தில் அதிகம் விற்பது எச்.ஓ., அதற்கடுத்து 'என்'. அதனால் இரண்டும் மலிவு. 'இசட்' இத்தனை குட்டியாக இருந்தும் 'என்'னைவிட விலை அதிகம். வாங்குகிறவர்கள் குறைவு, செய்கிறவர்களும் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். 'ஓ', 'ஜி' பக்கம் போனால் சாமானும் அதிகம், விற்பனையும் குறைவு, இரண்டு பக்கமும் அடி. ஆக, ஸ்கேலை ஒரு அச்சிலும் விலையை ஒரு அச்சிலும் வைத்து வரைந்தால், வாத்தியார் கரும்பலகையில் போட்டாரே சராசரிச் செலவுக் கோடு, அதே 'யூ' வடிவம் வரும். அடிப்பள்ளத்தில் எச்.ஓ.வும் 'என்'னும் உட்கார்ந்திருக்கும்.

டி.டி.யைப் பற்றி ஒரு வரி. அளவு என்று பார்த்தால் ரொம்ப நியாயமான அளவு அது. கிழக்கு ஜெர்மனியில் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு இருந்தது. 2022-ல் ஹார்ன்பி அதைக் கையில் எடுத்தது. ஆனால் இந்தியாவில் உட்கார்ந்துகொண்டு அதில் இறங்கினால் ஒரு ஸ்விட்ச் போனாலும் இங்கிலாந்துக்கு ஆர்டர் போட வேண்டும். இப்போதைக்குக் கும்பிடு.

ஆக, போட்டி எச்.ஓ.வுக்கும் 'என்'னுக்கும்தான்.

வண்டி நீளத்தில் ஆரம்பிப்போம். இன்று ஓடும் எல்.எச்.பி. பெட்டி ஒன்று பஃபரோடு சேர்த்து சுமார் 24 மீட்டர். இருபது பெட்டி 480 மீட்டர். முன்னால் எஞ்சின் ஒரு 20 மீட்டர். மொத்தம் அரை கிலோமீட்டர். இதை 'ஜி'யில் செய்தால் 22 மீட்டர் வரும். அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில் செகரட்டரி காரை நகர்த்தச் சொல்ல வேண்டும். 'ஓ'வில் பதினோரு மீட்டருக்கு மேல். எச்.ஓ.வில் ஐந்தே முக்கால் மீட்டர், அதாவது 19 அடி. நம் ஹாலின் நீளமே அவ்வளவு இருந்தால் அதிர்ஷ்டம். 'என்'னில் மூன்று மீட்டர் சொச்சம், பத்து அடி. 'இசட்'டில் ஏழரை அடி.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. எச்.ஓ.வில் இடமில்லாததால் ஐந்து பெட்டியோடு நிறுத்திக்கொள்வோம். 'என்'னில் இடம் இருக்கிறதே என்று பத்துப் பெட்டி கோர்ப்போம். எஞ்சின் விலை இரண்டிலும் 12,000 என்று கணக்குக்காக வைத்துக்கொள்ளுங்கள். பெட்டி எச்.ஓ.வில் 3,500, 'என்'னில் 3,000. (இது நான் உதாரணத்துக்குப் போட்டது, உங்களுக்குக் கிடைத்த விலையைப் போட்டுப் பார்க்கலாம்.) எச்.ஓ. வண்டி 29,500-ல் முடிந்துவிடும். 'என்' வண்டி 42,000 கேட்கும். பார்த்தீர்களா, சின்ன ஸ்கேல்காரன்தான் 12,500 அதிகம் செலவழித்திருக்கிறான்! 'என்' சீப் என்று சொல்லி விற்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

இப்போது தரைக்கு வருவோம். எச்.ஓ. தண்டவாளத்தின் வளைவுக்கு ஆரம் குறைந்தது 14 அங்குலமாவது வேண்டும். நீளப் பெட்டி ஓட வேண்டுமென்றால் 18, 22 என்று போக வேண்டும். அவ்வளவு நீளப் பெட்டி குறுகிய வளைவில் அசிங்கமாகத் துருத்திக்கொண்டு நிற்கும் என்றுதான் ஐரோப்பியக் கம்பெனிகள் பல எச்.ஓ. பெட்டியின் நீளத்தை மட்டும் 1:100-க்குக் குறுக்கி விற்கின்றன. 22 அங்குல ஆரம் என்றால் விட்டம் 44, ஓரத்தில் கொஞ்சம் இடம், ஆக 4 அடி அகலப் பலகை. பிளைவுட் கடையில் கிடைக்கும் முழு ஷீட் 8-க்கு 4. உலகம் முழுக்க எச்.ஓ. ஆரம்பிக்கிறவர்கள் இந்த ஒரு ஷீட்டில்தான் ஆரம்பிக்கிறார்கள். 'என்'னுக்கு 9¾ அங்குல ஆரம் போதும். 4-க்கு 2. அதே ஷீட்டில் கால் பங்கு.

ஆனால் பலகை அளவு மட்டும் கணக்கு இல்லை. நடுவில் தடம் புரண்டால் கை எட்ட வேண்டுமே! நம் கை வசதியாக எட்டுவது இரண்டரை அடி. நாலு அடிப் பலகையைச் சுவரோடு ஒட்டிப் போட முடியாது. இரண்டு நீளப் பக்கமும் ஒரு அகலப் பக்கமும் ஆள் நிற்க இரண்டிரண்டு அடி விட்டால் 10-க்கு 8. மொத்தம் 80 சதுர அடி. 'என்' பலகையைச் சுவரோடு ஒட்டிவிடலாம், முன்னால் மட்டும் இரண்டடி. 4-க்கு 4, 16 சதுர அடி.

சதுர அடிக்கு மாதம் 25 ரூபாய் வாடகை என்று வைத்துக்கொள்வோம். உங்கள் ஊர் மும்பை என்றால் சிரித்துவிட்டு வேறு எண் போட்டுக்கொள்ளுங்கள். எச்.ஓ. தரை வாடகை மாதம் 2,000. 'என்' தரை வாடகை 400. வித்தியாசம் 1,600. அந்த 12,500 கூடுதலாகச் செலவழித்தோமே, அது எட்டாவது மாதம் வசூலாகிவிடும். அதற்கப்புறம் வருஷத்துக்கு 19,200 ரூபாய் 'என்'காரனுக்கு மிச்சம். அடுத்த பெட்டி அதில் வந்துவிடும். சொந்த வீடு என்றால் வாடகை இல்லையே என்பீர்கள். இ.எம்.ஐ. கட்டுவது யார்? சதுர அடி 8,000 விலையில் 80 சதுர அடி என்பது 6,40,000 ரூபாய் வீட்டுக் கடன். அதற்கு இருபது வருஷ வட்டியை நான் சொல்லி உங்கள் மாலைப்பொழுதைக் கெடுக்க விரும்பவில்லை.

"அந்த ரூம் சும்மாத்தானே கிடக்கு?" என்று ஒருவர் வாதாடினார். ஊரில் பாட்டி வீட்டில் ரூம் சும்மா கிடக்கும், ஒத்துக்கொள்கிறேன். புனேயில் எந்த ரூமும் சும்மா கிடப்பதில்லை. மாமியார் வருவார், மச்சினன் இன்டர்வ்யூவுக்கு வருவான், பெண்ணுக்குப் பத்தாவது வரும். ஹாலில் 8-க்கு 4 பலகை என்று பேச்செடுத்தபோது தங்கமணி சொன்னது: "போடுங்க. ராத்திரி நீங்களும் அதுமேலயே படுத்துக்குங்க." இதைவிடத் தெளிவாக நான் வேலை பார்க்கும் பேங்கின் கிரெடிட் கமிட்டிகூட ஒரு விண்ணப்பத்தை நிராகரித்ததில்லை.

இன்னொரு வாதம், கீல் போட்டுச் சுவரில் மடக்கிவிடலாம் என்பது. செய்யலாம், செய்தவர்கள் உண்டு. ஆனால் மடக்கும்போது மேலே இருக்கிற மரம், வீடு, ஸ்டேஷன் எல்லாம் ஒட்டியே இருக்க வேண்டும், வண்டியை ஒவ்வொரு தடவையும் எடுத்துப் பெட்டியில் வைக்க வேண்டும். ஆபீஸிலிருந்து எட்டு மணிக்கு வந்து, இறக்கி, அடுக்கி, ஓட்டி, மறுபடி ஏற்றி... மூன்றாம் மாதத்தில் அது சுவரிலேயே நின்றுவிடும் என்பது என் எண்ணம். ஓட்டாத ரயிலுக்குச் செலவழித்த ஒவ்வொரு ரூபாயும் விலை அதிகம்தான்.

அடுத்தது டிரான்ஸ்ஃபர். கணக்கில் யாருமே சேர்க்காத ஐட்டம் இது. 8-க்கு 4 பலகை அபார்ட்மெண்ட் லிஃப்டில் ஏறாது. மாடிப்படித் திருப்பத்திலும் மக்கர் பண்ணும். என்னோடு வேலை பார்த்த ஒருவர் ஒன்றரை வருஷம் ஞாயிற்றுக்கிழமைகளைக் கொட்டி அருமையான எச்.ஓ. லேஅவுட் கட்டினார். மலைக்குகை, இரட்டைப் பாதை, குட்டி ஆற்றுப்பாலம். ஆர்டர் வந்தது குவாஹாத்திக்கு. லாரிக்காரர் பலகையைப் பார்த்துவிட்டு இடத்துக்குக் காசு கேட்டார். எடைக்கு இல்லை, இடத்துக்கு. கடைசியில் தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு மலையையும் பாலத்தையும் வீட்டு ஓனர் பையனிடம் விட்டுவிட்டுப் போனார். சாமான் நஷ்டம் அதிகமில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைகளை எந்தக் கணக்கில் எழுதுவது? 4-க்கு 2 பலகை என்றால் காரின் பின் சீட்டைச் சாய்த்துப் போட்டுக்கொண்டு போய்விடலாம்.

நடுவில் ஸ்கேல் மாறினால் என்ன ஆகும் என்பதையும் நினைத்துப் பாருங்கள். எச்.ஓ. சாமான் ஒன்றுகூட 'என்'னில் உதவாது. தண்டவாளம், பெட்டி, வீடு, மனிதப் பொம்மை எல்லாம் புதிதாக. மிஞ்சுவது 12 வோல்ட் கன்ட்ரோலரும் பிளைவுட்டும் மட்டும். நம் நாட்டில் செகண்ட்-ஹேண்ட் வாங்க ஆட்களும் குறைவு. அதனால் முதல் பெட்டி வாங்குவதற்கு முன்பே இந்தக் கணக்கைப் போட்டுவிடுவது நல்லது.

இவ்வளவு சொன்னதால் 'என்'னுக்குக் குறையே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். அதற்கும் ஒளிந்திருக்கும் செலவு உண்டு. முதலாவது கண். நாற்பது தாண்டிய நமக்கு வெள்ளெழுத்து. ஒன்பது மி.மீ. தண்டவாளத்தில் எட்டுச் சக்கரப் பெட்டியை ஏற்றுவது, கண்ணாடியைக் கழற்றி, மாட்டி, மறுபடி கழற்றி, ஊசியில் நூல் கோர்க்கிற வேலை. இரண்டாவது தூசி. எச்.ஓ. எஞ்சினுக்குக் கொஞ்சம் எடை இருக்கிறது, லேசான அழுக்கை மிதித்துக்கொண்டு போய்விடும். 'என்' எஞ்சின் இலேசு. மார்ச், ஏப்ரலில் புனே வெயில் காற்று அடித்தால் தினமும் தண்டவாளம் துடைத்தால்தான் ஓடும். மூன்றாவது, பிள்ளையின் வயது. ஆறு, ஏழு வயதுக்குக் கீழே என்றால் இரண்டுமே வேண்டாம். திருவிழாக் கடையில் விற்கும் பேட்டரி ரயிலும் வட்டத் தண்டவாளமும் போதும், அதை உடைத்துக் கற்றுக்கொள்ளட்டும். பத்து வயசுக்கு மேல் பையனோ பெண்ணோ இருந்தால் சக்கரம் ஏற்றும் வேலையை அவர்களிடம் விட்டுவிடலாம். என் வீட்டில் அந்த டிபார்ட்மெண்ட் என் பெண்ணுடையது. அவள் விரலுக்கு 'என்' ஸ்கேல் சரியாகப் பொருந்துகிறது.

ஆனால் எச்.ஓ. கட்சிக்காரர்கள் கையில் ஒரு துருப்புச்சீட்டு இருக்கிறது. அதற்கு என்னிடமும் முழுப் பதில் இல்லை. நம்ம ஊர் வண்டி.

கொஞ்சம் கொசுவத்தி சுற்றிக்கொள்கிறேன். நம்மில் எத்தனை பேர் மும்பை-சென்னை மெயிலில் சோலாப்பூர், வாடி, குண்டக்கல், ரேணிகுண்டா என்று எண்ணிக்கொண்டே போனவர்கள்! அந்த நீலப் பெட்டி பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில் பிறந்தது. 1955-ல் தொடங்கிய அந்தத் தொழிற்சாலை, பழைய மாடல் பெட்டி கட்டுவதை 2018-ல் நிறுத்திவிட்டது. இன்றைய பிள்ளைகள் விமானத்தில் இரண்டு மணி நேரத்தில் இறங்கிவிடுகிறார்கள். குண்டக்கல் என்றால் என்ன என்று கேட்கிறார்கள். அந்தப் பெட்டியை, அந்த டீசல் எஞ்சினை மேஜைமேல் ஓட்டிக் காட்ட வேண்டும் என்று அப்பாக்களுக்கு ஆசை. ஜெர்மன் எஞ்சின் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதன் முகம் நமக்குத் தெரியாது அல்லவா? இந்திய எஞ்சின், பெட்டி என்று மாடல் கிடைப்பது பெரும்பாலும் எச்.ஓ.வில்தான். சிறு அளவில், ஆர்வத்தால் செய்கிறவர்கள் செய்வது. அச்சுச் செலவைப் பங்கிட ஆள் குறைவு என்பதால் விலை ஏறும், ஆர்டர் கொடுத்துக் காத்திருக்கவும் வேண்டும். அவர்கள் கொள்ளையடிக்கிறார்கள் என்று திட்டுகிறவர்களுக்கு மேலே சொன்ன காஸ்ட் அக்கவுண்டிங் பாராவை மறுபடி படிக்கச் சிபாரிசு செய்கிறேன்.

(ரொம்பச் சுத்தம் பார்க்கிறவர்களுக்கு: நம் பிராட்கேஜ் 1,676 மி.மீ. அதை 87-ஆல் வகுத்தால் 19.3 மி.மீ. வர வேண்டும். எச்.ஓ. தண்டவாளமோ 16.5. ஆக, மேஜையில் நம்ம ஊர் வண்டி வெளிநாட்டு அகலத்தில்தான் ஓடும். ஊட்டி ரயில் தேவலை. மீட்டர்கேஜ் 1,000 மி.மீ. 1:87-ல் 11.5 வரும். ஐரோப்பாவில் சுவிஸ் மலை ரயில்களுக்காக விற்கும் 12 மி.மீ. தண்டவாளத்தோடு ஏறக்குறைய ஒத்துப்போகிறது. ஆனால் அது பர்ஸைக் கரைக்கும் மலை.)

கஸ்டம்ஸ் கதை பாக்கி இருக்கிறது. 2020 பட்ஜெட்டில் பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்க வரி 20 சதவீதத்திலிருந்து 60-க்கு ஏறியது. 2021 ஜனவரியிலிருந்து பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் ஆனது. 2023 பட்ஜெட்டில் வரி 70 ஆனது. மின்சார ரயிலும் அளவு குறைத்த மாடல்களும் சுங்க அட்டவணையில் பொம்மைகளோடு ஒரே தலைப்பில் வருகின்றன. உள்நாட்டுத் தொழிலுக்கு நல்லது என்கிறார்கள், இருக்கலாம். ஆனால் மாடல் ரயிலைப் பெரிய அளவில் செய்ய இங்கே இன்னும் யாரும் கிளம்பவில்லை, விலை மட்டும் கிளம்பிவிட்டது. அதன்மேல் ஜி.எஸ்.டி., கார்டு கம்பெனியின் அந்நியச் செலாவணி மார்க்-அப். சதவீத வரிக்கு ஸ்கேல் வித்தியாசம் கிடையாது. கூரியருக்கு உண்டு. பெரிய பெட்டி என்றால் அவர்கள் எடையைப் பார்ப்பதில்லை, நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்து அதையே கிலோ என்கிறார்கள். வளைவுத் தண்டவாளப் பெட்டி எச்.ஓ.வில் எவ்வளவு காற்றைச் சுமந்து வரும் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, என்ன செய்யலாம்? டிரான்ஸ்ஃபர் வேலையில் இருக்கும் நண்பர்களுக்கு நான் சொல்வது, ஓட்டுவதற்கு 'என்', பார்ப்பதற்கு எச்.ஓ. நம்ம ஊர் எஞ்சின் ஒன்று, பெட்டி இரண்டு மட்டும் எச்.ஓ.வில் வாங்கி அலமாரியில் வைத்துவிடுங்கள். எஞ்சின் 24 செ.மீ., பெட்டி 28, 28. மொத்தம் 80 செ.மீ. மூன்றடித் தட்டு போதும், தரை வாடகை பூஜ்யம். ஓட்டுவதற்கு 'என்'னில் 'டி-ட்ராக்' என்று ஒரு முறை இருக்கிறது. சுமார் ஓர் அடி நீளமுள்ள சின்னச் சின்ன மரப்பெட்டிகள், ஒவ்வொன்றின் தலையிலும் தண்டவாளத் துண்டு, பக்கத்தில் வைத்து அழுத்தினால் சொடக்கென்று சேர்ந்துகொள்ளும். மூலைப் பெட்டி நாலு, நேர்ப்பெட்டி நாலு இருந்தால் நாலரை அடிக்கு இரண்டரை அடியில் ஒரு சுற்று வந்துவிடும். நம் டைனிங் டேபிள் அளவு! சாப்பாடு முடிந்ததும் போட்டு, படுக்கும் முன் எடுத்து பரணில் அடுக்கிவிடலாம். பெட்டிக்குப் பெட்டி வேறு காட்சி வைக்கலாம். ஒன்றில் வயல், ஒன்றில் ஸ்டேஷன். ஆர்டர் வந்தால் எட்டுப் பெட்டியும் அட்டைப்பெட்டிக்குள் போய்விடும். மடக்குப் பலகையைப் பற்றி நான் சொன்ன குறை இதற்கும் வராதா என்றால், வராது என்று சத்தியம் பண்ண மாட்டேன். எட்டுப் பெட்டியைப் பத்து வயசுப் பெண் தனியாகவே அடுக்கிவிடுகிறாள் என்பது மட்டும் வித்தியாசம்.

எச்.ஓ. ஓட்டியே தீர வேண்டும் என்று அடம் பிடிப்பவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. நவராத்திரி. கொலுவுக்குப் பக்கத்தில் பார்க் கட்டுவது எப்படியும் உண்டு. அந்தப் பத்து நாள் ஹாலில் இடம் கேட்டால் தங்கமணிகூட மறுக்க மாட்டார். 80 சதுர அடிக்குப் பத்து நாள் வாடகை சுமார் 670 ரூபாய்தான். பலகையே வேண்டாம், சொடுக்கிச் சேர்க்கும் ரகத் தண்டவாளம் தரையிலேயே போதும், விஜயதசமிக்கு மறுநாள் கழற்றிவிடலாம். அளவு மட்டும் கொஞ்சம் இடிக்கும். செட்டியார் பொம்மை 15 செ.மீ. உயரம் என்றால் எச்.ஓ. கணக்கில் அவர் 13 மீட்டர், நாலு மாடி. தசாவதார செட்டைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். 'ஜி' ஸ்கேலில் போட்டால் செட்டியார் பதினோரு அடிக்கு இறங்கிவிடுவார், பரவாயில்லை. ஆனால் அந்த எஞ்சின் விலையைக் கேட்டால் செட்டியாரே கடையைச் சாத்திவிட்டுப் போய்விடுவார்.